மோர்பாத் ஊரின் கணக்கேடு

கணக்கேட்டில் இலக்கியம் தேடுவார் உண்டோ என்று நண்பர்கள் நம்மைக் கேலி செய்வதுண்டு. வரவு, செலவு, இருப்பு என்னும் மூன்று சொற்களுக்கிடையே மனிதர்கள் எங்கே என்பது அவர்கள் வினா. இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் பகுதியில், எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் தென்விளிம்பில் மோர்பாத் என்றொரு சிற்றூர் உள்ளது. 16ஆம் நூற்றாண்டில் அங்கிருந்தவை 33 குடும்பங்களே. அவ்வூர்க் கோயிலின் கணக்கேட்டையே நாம் விடையாகக் காட்டுவோம்.

1520இல் அவ்வூருக்குப் பங்குக் குருவாக வந்தவர் சர் கிறிஸ்டோபர் டிரிக்கி. ('சர்' என்பது அந்நாளில் எளிய குருக்களுக்கும் வழங்கிய மரியாதைச் சொல், பெரும் பட்டம் என்று மயங்க வேண்டா.) கோயில் காப்பாளர்களாக ஆண்டுதோறும் ஊரார் மாறிமாறிப் பொறுப்பேற்றனர். பெண்களும் ஏற்றனர். கணக்கை எழுதியவர் மட்டும் மாறவில்லை. எழுதியதை ஊரார் முன்னே உரக்கப் படித்துக் காட்டுவதும் அவர் வழக்கம். ஆகவே அதில் தொகைகளோடு விளக்கமும், பாராட்டும், சில வேளைகளில் முணுமுணுப்பும் கலந்தே வருகின்றன. ஏட்டை விரித்தால் ஒரு கிழவரின் குரல் கேட்கிறது. அதுவும் டெவன் வட்டாரத்துப் பேச்சு மொழியில்.

அவ்வூர்க் கோயிலின் செல்வம் ஆடுகள். மரியன்னைக்கு, புனித ஜார்ஜுக்கு, எக்ஸிட்டர் நகரத்துக் கன்னி புனித சிட்வெல்லுக்கு எனத் தனித்தனி நிதிகள் இருந்தன. இளைஞர்க்கு ஒரு நிதி, கன்னியர்க்கு ஒரு நிதி. அவற்றில் பலவற்றுக்கு உரிய ஆடுகள் ஒரே பட்டியில் நில்லாமல் வீட்டுக்கு ஒன்று, இரண்டு என ஊரெங்கும் பிரிந்து வளர்ந்தன. கம்பளி விற்ற காசு சுரூபங்களின் முன் மெழுகுதிரியாய் எரிந்தது. எவர் வீட்டு ஆடு செத்தது, எது காணாமற் போயிற்று என்பதெல்லாம் கணக்கில் உண்டு. திரிக்கு மெழுகு வேண்டுமென்று தேனீக்கூட்டத்தைக் காணிக்கையாய் விட்டுச் சென்றவரும் உண்டு. 1534இல் திருடன் புகுந்து திருக்கிண்ணத்தைக் கொண்டுபோனபோது, இளைஞரும் கன்னியரும் தம்மிடையே பணம் திரட்டிப் புதிய கிண்ணம் வாங்கித் தந்தனர். ஊருக்குச் செலவில்லை என்று குரு பெருமையோடு குறித்து வைக்கிறார்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. இறந்தோர்க்கான திருப்பலியில் அணியக் கறுப்புத் திருவுடை வேண்டும். கோயில் ஆடுகளின் கம்பளியில் தமக்குரிய பத்திலொரு பங்கை விட்டுக்கொடுத்து, ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்தார். திருவுடை வந்து சேர்ந்த ஆண்டு 1547. எட்டாம் ஹென்றி மறைந்து, சிறுவன் ஆறாம் எட்வர்ட் அரியணை ஏறியதும் அதே ஆண்டில்தான். சுரூபங்களின் முன் விளக்கேற்றுவதற்கு 1538இலேயே தடை வந்திருந்தது. இப்போது சுரூபங்களே அகற்றப்பட்டன. நிதிகள் கலைந்தன, ஆடுகள் விலைபோயின. இறந்தோர்க்காகப் பலி நிறைவேற்றுவதே குற்றமாகிவிட்ட நாட்டில் கறுப்புத் திருவுடைக்கு என்ன வேலை? நெடுநாள் பேசிவந்த ஏடும் இவ்விடத்தில் சுருங்கிவிடுகிறது. ஆட்டுக் கணக்கு இல்லை, நிதிக் கணக்கு இல்லை. படிக்கும் நமக்கே ஊர் ஓய்ந்துவிட்டது போலத் தோன்றுகிறது.

1549ஆம் ஆண்டு ஜூன் 9, பெந்தெகொஸ்தே ஞாயிறு. இலத்தீன் பலி ஒழிந்து, ஆங்கிலப் பொது வழிபாட்டு நூல் நடைமுறைக்கு வந்தது. மறுநாளே சாம்ப்ஃபோர்ட் கோர்ட்னி என்னும் ஊரில் கிளர்ச்சி வெடித்தது. டெவன், கார்ன்வால் மக்கள் திரண்டு எக்ஸிட்டரை முற்றுகையிட்டனர். மோர்பாத் ஏட்டில் அவ்வாண்டுச் செலவுகளுக்கிடையே, வேறெந்த விளக்கமுமின்றி, ஊர் இளைஞர் ஐவரை எக்ஸிட்டருக்கு வெளியே புனித டேவிட் மேட்டிலிருந்த முகாமுக்கு அனுப்பிய செலவு எழுதப்பட்டிருக்கிறது. அம்முகாம் கிளர்ச்சியாளருடையது. ஆட்டுக் கணக்கு எழுதிய அதே கை, அதே மை! அரசத் துரோகத்துக்கு ஊர்ப் பணத்தை எடுத்து, அதற்குக் கணக்கும் எழுதி வைத்த நேர்மையை எண்ணி நாம் வியக்கிறோம். சிறிது நடுங்கவும் செய்கிறோம். ஆகஸ்டு 6இல் அரசப் படை முற்றுகையை உடைத்தது. அக்கிளர்ச்சியில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர்.

இவ்வரியின் பொருளை விரித்துரைத்தவர் வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி. 2001இல் வெளிவந்த அவருடைய 'மோர்பாத்தின் குரல்கள்' இவ்வொரு கணக்கேட்டைக் கொண்டே எழுதப்பட்ட நூல். ஏடு 1904இலேயே அச்சேறியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நம் கல்லூரி நூலகங்களில் தூசு படிந்து கிடக்கும் பதிப்புகளை நினைத்து ஒரு பெருமூச்சு.

1553இல் மேரி அரசியானதும் ஒளித்து வைத்தவை வெளிவந்தன. எவரெவர் வீட்டிலிருந்தோ திருவுடைகளும், நூல்களும், உருவங்களும் கோயிலுக்குத் திரும்பின. எட்வர்ட் காலம் முழுதும் கோயில் நலிந்தது, இப்போது ஆறுதல் பெற்றது என்ற பொருள்பட டிரிக்கி எழுதுகிறார். ஆறுதல் ஐந்தாண்டுதான். 1558இல் எலிசபெத் வந்தார். பலிபீடம் மறுபடியும் போயிற்று, ஆங்கில வழிபாடு மறுபடியும் வந்தது. டிரிக்கி போகவில்லை.

நான்கு ஆட்சிக்கும் தலையசைத்த இவரைப் பச்சோந்தி எனலாமா? முதல் வாசிப்பில் நாமும் அப்படித்தான் எண்ணினோம். பிறகு அந்த ஐந்து இளைஞர்களின் வரியை மறுபடி படித்தோம். அவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்திருக்கக் கூடியவர் அவர். அந்தத் தாய்தந்தையரை நாள்தோறும் தெருவில் எதிர்கொள்ள வேண்டியவரும் அவரே. கொள்கைக்காகப் பதவி துறந்து போயிருந்தால் அவ்வூர் மக்களிடம் யார் இருந்திருப்பார் என்ற கேள்வி நம்மை விடவில்லை. அவருடைய தயக்கத்தை வீரமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் வசைச்சொல்லை எடுத்த கை பின்வாங்குகிறது.

54 ஆண்டுகள் அங்கேயே பணிபுரிந்து 1574இல் டிரிக்கி மறைந்தார். புனித ஜார்ஜ் கோயிலை 19ஆம் நூற்றாண்டில் பெரிதும் மாற்றிக் கட்டிவிட்டார்கள். சிட்வெல்லின் சுரூபம் இல்லை, கறுப்புத் திருவுடையும் இல்லை. எந்த ஆடு எவர் வீட்டில் இருந்தது என்பது மட்டும் இன்றும் தெரிகிறது.