தாத்தா வந்த கப்பல்

அரசர்களுக்கு வரலாறு உண்டு, பால் வெட்டியவனுக்கு ஏது வரலாறு என்று நம் தோட்டங்களில் பெரியவர்களே சொல்வதுண்டு. அது சரியன்று. பேராக் மாநிலத்து ரப்பர் காடுகளில் உழைத்த நம் முன்னோர் எக்காலத்தில், எவ்வழியாக வந்தனர் என்பதைத் தேடிக் காண முடியும். அதை எப்படிச் செய்வது என்பதை நாம் இன்று காண்போம்.

சுவிட்சர்லாந்து நாட்டிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவரின் பேரப்பிள்ளைகள், கப்பல் பயணிகள் பட்டியலில் குடும்பப் பெயரைப் பார்த்தே தாத்தாவைத் தேடிவிடுகிறார்கள். நமக்கோ குடும்பப் பெயர் என்பதே கிடையாது. கிராணி தம் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே முனுசாமி ஒரு தாளில் மூனுசாமி, மற்றொரு தாளில் முனியசாமி. ஆகவே, பெயரைவிடப் பெரியவர்களின் வாயில் வரும் சொற்களே நமக்கு நல்ல சான்று. அந்தச் சொற்களுக்குள்ளேயே ஆண்டு ஒளிந்திருக்கிறது.

"சஞ்சிக்கூலியாக வந்தார்" என்று பாட்டி சொன்னால், அவர் 1910-ஆம் ஆண்டுக்கு முன் வந்தவர் என்று கொள்ளலாம். அந்த ஒப்பந்த முறை அவ்வாண்டோடு நிறுத்தப்பட்டது. "கங்காணி கூட்டி வந்தார்" என்றால் பெரும்பாலும் 1938-க்கு முன். தோட்ட முதலாளிகள் கட்டிய பணத்தைக் கொண்டு 1907-இல் குடியேற்ற நிதி ஒன்று ஏற்பட்டது. தொழிலாளரின் பயணச் செலவை அதுவே ஏற்றது. ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாட்கூலியை 1938-இல் குறைத்தபோது, இந்திய அரசு அவ்வழியை அடைத்துவிட்டது.

கங்காணி தம் சொந்த ஊருக்குப் போய், உற்றாரையும் அண்டை ஊராரையும்தான் திரட்டி வந்தார். தாத்தாவின் ஊர் தெரியவில்லையா? அவருடைய கங்காணியின் ஊரைக் கேளுங்கள். பெரும்பாலும் அந்த வட்டாரமாகவே இருக்கும்.

அடுத்து கப்பல். 'ரஜூலா' 1926-இல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து பினாங்குக்கு ஆட்களை ஏற்றி வந்து, 1973-இல் ஓய்ந்தது. அதன்பின் ஓடியது 'சிதம்பரம்'. கப்பலின் பெயரைப் பலர் மறந்திருப்பார்கள். ஆனால் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவில், நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டிருந்த கதையை வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

இனி, தாள்கள். நம் அடையாள அட்டையில் பெயரோடு தந்தை பெயரும் இருக்கிறது. தந்தையின் பிறப்புப் பத்திரம் கிடைத்தால் தாத்தா பெயரும் பாட்டி பெயரும் கிடைக்கும். பாட்டி பெயரை எழுதிக்கொள்ள மறவாதீர்கள். நாம் பார்த்தவரை, எல்லாரும் விட்டுவிடுவது அதைத்தான். தோட்டத்தின் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. நம்மவர் வைத்த பெயர் ஒன்று, கம்பெனிப் பதிவில் உள்ளது வேறொன்று. இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தேடல் வெறும் பொழுதுபோக்கன்று. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் துரைமார் கொல்லப்பட்டதை அடுத்து 1948-இல் அவசரகாலம் பிறந்தது. அடையாள அட்டையும் அப்போது வந்தது. விடுதலைக்குப் பின்னும் குடியுரிமை பெறாமல் சிவப்பு அட்டையோடு நின்றவர் பலர். குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் 1968-இல் வந்தபின், பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினர். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளியில் சேர அலையும் பிள்ளைகள் இன்றும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிந்து போனபின், "இவர் இங்கே பிறந்தவர்" என்று சாட்சி சொல்லும் அண்டை வீட்டாரையும் காணோம்.

ஓரிடத்தில் மட்டும் தாள்கள் உதவா. 1942-க்கும் 1943-க்கும் இடையே ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு நாளும் இல்லை, கல்லறையும் இல்லை. இறந்த நாள் தெரியாததால் ஆடி அமாவாசையில் படையல் இடுகிற வீடுகள் இருக்கின்றன. அங்கே போய்க் கேட்டால் பெயராவது கிடைக்கும்.