பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள்

பார்க்கின்சன் நோய் அல்லது நடுக்குவாதம், மூளை நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழிவதால் உடலியக்கம் குன்றிக்கொண்டே போகும் நோயாகும். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், ஆறு பேரிடம் கண்டவற்றைக் கொண்டு 1817இல் இதை விவரித்தார். பெரும்பாலும் 60 வயதையொட்டித் தொடங்கும். 50க்கு முன்பும் வரலாம்.

காரணம்
நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் பகுதியின் அணுக்கள், அசைவுகளைச் சீராக்கும் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. இவற்றில் கணிசமானவை அழிந்த பிறகே நோய் வெளியே தெரிகிறது.

முன்னறிகுறிகள்
மணம் தெரியாமை, நாட்பட்ட மலச்சிக்கல், கனவில் நடப்பதற்கேற்பத் தூக்கத்தில் கத்துதல் அல்லது கைகால்களை உதறுதல், மனச்சோர்வு ஆகியவை பல ஆண்டுகளுக்கு முன்பே தோன்றலாம். தனித்தனியாக இவை பலருக்கும் வருபவை. ஆகவே இவற்றை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது.

இயக்க அறிகுறிகள்
நடுக்கமே இந்நோயின் அடையாளம் எனப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் நோயை உறுதிசெய்ய இன்றியமையாதது இயக்க மந்தமே. நடுக்கம் இல்லாமலும் இந்நோய் வரும். இயக்க மந்தத்தால் சட்டைப் பொத்தான் போடத் தாமதமாகும், கையெழுத்து வரவரச் சிறுத்துப்போகும், நடக்கையில் ஒரு கை வீசாது, முகத்தில் உணர்ச்சி குறையும், குரல் தணியும். இவற்றை முதுமை என்று வீட்டார் விட்டுவிடுவதால் சிகிச்சை தள்ளிப்போகிறது. தசை இறுக்கத்தால் வரும் தோள்வலியை மூட்டுவலியாகக் கருதுவதும் உண்டு. நடுக்கம் பொதுவாக ஒரு பக்கத்தில், கை ஓய்ந்திருக்கும்போது தோன்றும். நடை தடுமாற்றமும் அடிக்கடி விழுதலும் பிந்திய நிலையில் வருபவை.

வேறுபடுத்தி அறிதல்
டம்ளரைத் தூக்கும்போதோ எழுதும்போதோ இரு கைகளும் நடுங்கினால், அது பெரும்பாலும் வேறு வகை நடுக்கமாகும். ஹாலோபெரிடால், மெட்டோகுளோபிரமைடு போன்ற மருந்துகளும் பார்க்கின்சன் நோயைப் போன்ற அறிகுறிகளை உண்டாக்கலாம். எனவே உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே அடிக்கடி விழுந்தால் வேறு நரம்பு நோயா எனப் பார்க்க வேண்டும். நரம்பியல் மருத்துவர் உடலைச் சோதித்தே நோயைக் கணிக்கிறார். இதை உறுதிசெய்யும் எளிய இரத்தப் பரிசோதனை வழக்கத்தில் இல்லை.

சிகிச்சை
நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. ஆனால் மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா, மந்தத்தையும் இறுக்கத்தையும் நன்கு குறைக்கிறது. அதைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. உடற்பயிற்சி, இயன்முறை மருத்துவம், பேச்சுப் பயிற்சி ஆகியவற்றை முன்கூட்டியே தொடங்கினால், நோயாளி தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் காலத்தை நீட்டிக்க அவை உதவும்.