மார்பக சுயபரிசோதனை: ஒரு நம்பிக்கையின் கதை

இந்த முறை கொஞ்சம் கனமான விஷயம். ஆண்களும் படிக்கலாம், படிக்க வேண்டும்.

மகளிர் தினத்தன்று எங்கள் கல்லூரியில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். மாதம் ஒரு முறை கண்ணாடி முன் நின்று உங்கள் மார்பகங்களை நீங்களே தடவிப் பாருங்கள், கட்டி இருந்தால் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும், உயிர் பிழைக்கலாம் என்று படத்தோடு போட்டிருந்தது. வகுப்பில் சில பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பெரியம்மா இந்த நோயில்தான் இறந்தார். இந்தப் பரிசோதனை எப்படி வந்தது, உண்மையிலேயே உயிரைக் காக்குமா என்று தேடிப் படித்தேன். கிடைத்த பதில் நான் நினைத்தது போல் இல்லை!

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. பால்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். மார்பகத்தோடு அதன் அடியில் உள்ள தசையையும் அக்குள் நெறிகளையும் சேர்த்து அகற்றும் சிகிச்சையை அவர் பிரபலமாக்கினார். 50 நோயாளிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 1894ல் வெளிவந்தது. கட்டி சிறிதாக இருக்கும்போதே வந்தவர்கள் பிழைத்தார்கள், தாமதமாக வந்தவர்கள் பிழைக்கவில்லை என்பதை மருத்துவர்கள் கண்டார்கள். ஆகவே சீக்கிரம் கண்டுபிடிப்பதே வழி என்ற எண்ணம் வலுப்பெற்றது. ஆனால் அந்தக் காலத்தில் மேமோகிராம் பரிசோதனை நடைமுறைக்கு வரவில்லை. கைதான் ஒரே கருவி.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த அறுவை மருத்துவர் குஷ்மன் ஹாகன்சன், பெண்கள் தாங்களே பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தினார். 1950ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் அந்நாட்டின் தேசியப் புற்றுநோய் நிலையமும் சேர்ந்து இதற்காக ஒரு திரைப்படமே எடுத்தன. மார்பகம் என்ற சொல்லை வெளியில் சொல்லவே கூச்சப்பட்ட காலம் அது. அந்த வகையில் இது பெரிய துணிச்சல்தான்.

1974 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் அதை மறைக்கவில்லை. சில வாரங்களில் ஹாப்பி ராக்ஃபெல்லர் தன் மார்பில் இருந்த கட்டியைத் தானே கண்டுபிடித்தார். துணை அதிபர் பதவிக்கு அறிவிக்கப்பட்டிருந்தவரின் மனைவி அவர். செய்தித்தாள்கள் எல்லாம் எழுதின. சுயபரிசோதனை உலகம் முழுவதும் பரவியது.

சரி, இது உயிரைக் காக்கிறது என்று யாராவது நிரூபித்தார்களா? இல்லை! சுமார் 40 ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள், அவ்வளவுதான்.

பெரிய சோதனை சீனாவில் நடந்தது. ஷாங்காய் நகரில் 519 ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்த 2,66,064 பெண்களை 1989 முதல் 1991 வரை சேர்த்து, ஆலை வாரியாக இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சிலிகான் மாதிரிகளை வைத்து நன்றாகப் பயிற்சி கொடுத்தார்கள், திரும்பத் திரும்ப நினைவூட்டினார்கள். மற்ற பிரிவுக்குப் பயிற்சி இல்லை. 2000ம் ஆண்டு இறுதி வரை கண்காணித்தார்கள். முடிவு 2002ல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற பிரிவில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 135 பேர். பயிற்சி பெறாத பிரிவில் 131 பேர். அதாவது வித்தியாசமே இல்லை. ஆனால் புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டிகள் பயிற்சி பெற்றவர்களிடம் அதிகம் கண்டுபிடிக்கப்பட்டன. அதனால் வீண் பயம், தேவையில்லாத பயாப்ஸி. ரஷ்யாவில் நடந்த இன்னொரு ஆய்விலும் இறப்பு குறையவில்லை.

ஏன் இப்படி? கைக்குத் தட்டுப்படும் அளவுக்குக் கட்டி வளர்வதற்கே பெரும்பாலும் சில ஆண்டுகள் ஆகிவிடும். அதோடு, பயிற்சி இல்லாத பெண்களும் குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ தங்கள் கட்டியைத் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஷாங்காயில் பயிற்சி பெற்றவர்களின் புற்றுநோய், குறிப்பிடத்தக்க அளவு முந்தைய நிலையில் பிடிபடவில்லை.

படமெடுத்துப் பரப்பிய அதே அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2003ல் இதை விருப்பம் இருந்தால் செய்யலாம் என்று மாற்றியது. 2015ல் பரிந்துரைப்பதையே நிறுத்திவிட்டது. சொன்னதைத் திருத்திக்கொள்வதற்கும் துணிச்சல் வேண்டும் அல்லவா?

அப்படியானால் கையால் பார்ப்பதே வீணா? அதுவும் இல்லை. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998ல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 35 முதல் 64 வயதுள்ள சுமார் 1.5 லட்சம் பெண்கள் இதில் இருந்தார்கள். ஒரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதித்தார்கள். 2021ல் முடிவு வந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. அதற்குக் கீழ்ப்பட்ட வயதினரில் குறையவில்லை. பார்க்கும் கை யாருடையது என்பதும் முக்கியம் போலும்.

இப்போது பெரியம்மாவுக்கு வருகிறேன். அவர் கட்டியைக் கண்டுபிடிக்காமல் இல்லை. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. அக்காவின் கல்யாணம் முடியட்டும் என்று எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மாதம் தவறாமல் தடவிப் பார்க்கச் சொல்லும் பிரசுரம் அவருக்கு எந்த உதவியும் செய்திருக்காது. அவருக்குத்தான் முன்பே தெரியுமே!

நான் அந்தப் பிரசுரத்தை எழுதியிருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பேன்: உங்கள் உடம்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மார்பிலோ அக்குளிலோ புதிதாகக் கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் இரத்தக் கசிவு, இவற்றில் எது தெரிந்தாலும் வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். வயதுக்கேற்ற பரிசோதனை எது என்றும் அவரிடமே கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் இதைப் பற்றிப் பேசுங்கள். கல்யாணம், பரீட்சை, தீபாவளி எது வந்தாலும் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். நான் பேசிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு சரி என்றார்.