வார் கடலோர நாணலும் கிளாரினெட் சீவாளியும்

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூரம்பெர்க் நகரின் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் உருவாக்கியதாகக் கருதப்படும் கிளாரினெட், ஒரு நாணல் தட்டையை நம்பியே இன்றளவும் ஒலித்து வருகிறது. நாகசுவரச் சீவாளியில் தட்டைகள் ஒன்றோடொன்று இணைந்து அதிர, கிளாரினெட்டின் சீவாளியோ ஒற்றைத் தட்டையாக ஊதுவாயின்மேல் பொருந்தி அதிர்கிறது. இதற்குரிய ‘அருண்டோ டோனாக்ஸ்’ என்னும் பெருநாணல் வெப்பம் மிகுந்த பல நாடுகளில் களையாக மண்டிக்கிடந்தாலும், தென்கிழக்குப் பிரான்சில் மத்தியதரைக் கடலை ஒட்டிய வார் பகுதியில் விளைந்ததையே கலைஞர்கள் நெடுங்காலமாக நாடினர். அங்கு இரண்டாண்டு முற்றிய தண்டுகளைக் குளிர்காலத்தில் அறுத்து, பச்சை மாறிப் பொன்னிறம் ஏறும்வரை வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவைப்பர்.

ஆயத்தச் சீவாளிகள் கடைகளில் பெருகுவதற்கு முன், கலைஞர் பலர் தமக்கு வேண்டியதைத் தாமே சீவிக்கொண்டனர். நுனி ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிய வேண்டியிருந்ததால், கத்தி வேலை முடிந்தபின் சொரசொரப்பான குதிரைவால் புல்லின் உலர்ந்த தண்டால் அதை மெல்லத் தேய்த்தனர். தேய்ப்பு சற்றே கூடினால் நாதம் மெலிந்து கீச்சிட்டது, குறைந்தால் தட்டை மூச்சுக்கு இணங்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு அமைந்த சீவாளியும் எச்சிலில் ஊறியும் காய்ந்தும் சில வாரங்களில் தளர்ந்துவிடுவதே இக்கலைஞர்களின் தீராத துயரம்.

இரண்டாம் உலகப்போரில் பிரான்சு ஜெர்மானியர் வசமானபோது அமெரிக்காவுக்கு நாணல் வரத்து தடைப்பட, கலிஃபோர்னியாவில் வளர்ந்த தண்டுகளையும் நெகிழிச் சீவாளிகளையும் கொண்டு அங்குள்ள கலைஞர்கள் ஒப்பேற்ற வேண்டியதாயிற்று.