பெரட்டுக்களத்துத் தப்பு

1971 டிசம்பரில் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் ஸ்டீவ் ரைக் என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் 'ட்ரம்மிங்' முதன்முதலாக அரங்கேறியது. அதில் பாட்டு வரிகள் இல்லை, இராகமும் இல்லை. ஒரே தாளக்கட்டை இருவர் சேர்ந்து அடித்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் மெல்ல வேகங்கூட்டி விலகுவார். அந்த விலகலிலிருந்தே புதிய தாளங்கள் பிறக்கும். அதற்கு முந்திய ஆண்டு அவர் கானாவுக்குச் சென்று மேளம் பயின்றிருந்தார். இத்தகைய பரிசோதனை இசைக்கு அக்காலத்தில் ஓவியக்கூடங்கள் விரும்பி இடமளித்தன.

இதைப்பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களின் தப்பு நினைவுக்கு வரும்.

1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்பே கோப்பித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தமிழகத்துத் தொழிலாளரின் கருவி தப்பு. தோட்ட நிர்வாகம் அதை மணிக்கூடாக்கிக்கொண்டது. விடியுமுன் லயங்களை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு அழைத்தது தப்பொலியே. பிந்தி வந்தவர் அன்றைய பேரை இழக்கவும் நேர்ந்தது. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதையும் அந்த அதிகாலை முழக்கத்தோடுதான் தொடங்குகிறது.

ஆனால் தப்பு துரைக்கும் கங்காணிக்கும் மட்டும் உரியதாக இருக்கவில்லை. மாசி மாதம் காமன் பொட்டலில் ரதியும் மதனும் ஆடியது அதன் அடிக்குத்தான். சாவு வீட்டுக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு வேறோர் அடி. எந்த அடி எதற்கென்பது லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். நெருப்பில் தோலைக் காய்ச்சிச் சுருதி சேர்க்கும் நுட்பம் பரம்பரை பரம்பரையாக வந்தது. எனினும் அடித்தவரைச் சாதியின் பெயரால் ஒதுக்கிய சமூகம், அவரைக் கலைஞர் என்று அழைக்கவில்லை.

இன்று தப்பும் பறையும் மேடையேறிவிட்டன. நவீன கலைக்கூடங்களிலும் அவை ஒலிக்கட்டும்; நான் வரவேற்பேன். அங்கே கேட்பவர் வேறு வேலையின்றி, ஒலியை ஒலியாகவே கேட்கிறார். தப்புக்கு மறுக்கப்பட்ட மரியாதை அது. ஆயினும் ஒரு வேண்டுகோள். அந்த ஒலிக்குப் பின்னால் குளிரில் எழுந்து நடந்த கால்கள் உண்டு. அடித்தவரின் பெயரையும் ஊரையும் சொல்லாமல் ஒலியை மட்டும் எடுத்துச் செல்வோமாயின், துரைமார் செய்ததையே நாமும் செய்தவர்களாவோம்.