சவரக் கத்தி சீரமைப்பு

சவரக் கத்தி சீரமைப்பு என்பது துருவேறிய, வாய் உடைந்த அல்லது மழுங்கிய மடிப்புச் சவரக் கத்தியை மீண்டும் மழிப்பதற்கு ஏற்ற நிலைக்குக் கொண்டுவரும் பணியாகும். துரு நீக்கல், உடைந்த விளிம்பைச் சமன் செய்தல், சாணைக்கல்லில் தீட்டுதல், தோல்வாரில் நீவுதல் ஆகியவை இதன் முக்கிய படிகள். எறியத்தக்க அலகுகள் பரவுவதற்கு முன்னர், இது முடிதிருத்துவோரின் அன்றாடத் திறன்களுள் ஒன்றாக இருந்தது.

பின்னணி

தஞ்சாவூர் மாவட்டத்தின் ஊர்களில் முடிதிருத்துவோர் தம் கருவிகளை அடைப்பம் எனப்படும் பையில் எடுத்துச் சென்று வீடுதோறும் பணி செய்தனர். அறுவடைக் காலத்தில் களத்து மேட்டில் அளக்கப்படும் நெல்லே இவர்களுக்குரிய கூலியாக இருந்தது. இவர்களுட் பலர் கட்டிகளைக் கீறுதல் போன்ற சிறு அறுவை மருத்துவமும் செய்தனர். தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் கருவியாதலால், கத்தியைக் கெடாமல் காப்பது பிழைப்போடு தொடர்புடையதாக இருந்தது.

தென்னிந்தியாவில் உருக்கப்பட்ட ஊட்சு எஃகு, கத்தித் தொழிலின் வரலாற்றிலும் இடம்பெறுகிறது. 1795 அளவில் இலண்டன் கத்திக் கொல்லர் சேம்சு இசுட்டோடார்ட்டு இதனைச் சிறந்த வெட்டு எஃகாகக் கருதினார். பின்னர் அவரும் மைக்கேல் பாரடேயும் இணைந்து எஃகுக் கலப்புலோகங்களை ஆராய்ந்து 1820-இல் கட்டுரை வெளியிட்டனர். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செஃபீல்டும் செருமனியின் சோலிங்கனும் சவரக் கத்தி உற்பத்தியில் புகழ்பெற்றன.

சேதங்களின் வகைகள்

* மேற்பரப்புத் துரு: எளிதில் நீக்கலாம். மங்கிய கருமைப் படலம் தீங்கற்றது.
* துருக்குழி: விளிம்பை ஒட்டி அமைந்தால், தீட்டும்போது விளிம்பு அவ்விடத்தில் உதிரும்.
* வாய் உடைதல்: குழாயிலோ கிண்ணத்திலோ தட்டுவதால் ஏற்படுவது.
* வெடிப்பு: அலகின் மெல்லிய பகுதிக்குள் ஓடியிருந்தால் கத்தியைக் கைவிடுவதே நன்று.
* பிடியின் சிதைவு: பழைய செல்லுலாயிடு பிடிகள் சிதையும்போது வெளியிடும் அமில ஆவி அலகையும் அரிக்கும். இத்தகைய பிடியை அகற்றிவிட வேண்டும்.

பேராவூரணி வட்டம் பாக்கு நீரிணைக் கரையை ஒட்டியது. இது போன்ற கடலோரப் பகுதிகளில், குறிப்பாக வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஈரமும் உப்பும் கலந்த காற்றால் கரிம எஃகு விரைவாகத் துருப்பிடிக்கும்.

கோண அமைப்பு

சமையலறைக் கத்தியைத் தீட்டுபவர் கோணத்தைக் கையால் நிறுத்துகிறார். சவரக் கத்தியில் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிகின்றன. எனவே முதுகின் தடிமனும் அலகின் அகலமுமே கோணத்தைத் தீர்மானிக்கின்றன. அகலம் 16 மி.மீ., முதுகுத் தடிமன் 4.5 மி.மீ. எனில் கூர்முனையின் முழுக் கோணம் சுமார் 16.2 பாகை ஆகும். உடைந்த வாயை நீக்க 1 மி.மீ. தேய்த்தால் அது சுமார் 17.3 பாகையாக உயரும். மாறாக, அகலம் குறையாமல் முதுகு மட்டும் 0.5 மி.மீ. தேய்ந்தால் கோணம் சுமார் 14.4 பாகையாகக் குறைந்து, விளிம்பு எளிதில் உதிரும். இதனால் சிலர் முதுகின் மேல் மின்காப்பு நாடா ஒட்டித் தீட்டுவர்.

சீரமைக்கும் முறை

1. துரு நீக்கல்: எண்ணெய் தடவி, 600 முதல் 2000 எண் வரையிலான உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்க்கலாம். விரல் விளிம்பை நோக்கி நகரக் கூடாது. அலகை மரக்கட்டையின் மேல் வைத்துத் தேய்ப்பது பாதுகாப்பானது.

2. விளிம்பைச் சமன் செய்தல்: சமதளக் கல்லில் கத்தியைச் செங்குத்தாக நிறுத்தி, உடைந்த இடம் மறையும் வரை மெதுவாக இழுக்க வேண்டும். இதன் பின் கத்தி முற்றிலும் மழுங்கியிருக்கும்.

3. சாய்முகம் அமைத்தல்: 1000 எண் கல்லில், வாய் முன்செல்லுமாறு இருபுறமும் மாறி மாறித் தீட்ட வேண்டும். சாய்முகத்தில் மையைத் தடவினால் கல் எங்கெல்லாம் படுகிறது என்பது தெரியும். இருபுறச் சாய்முகங்களும் விளிம்பு முழுவதும் சந்திக்கும் முன் அடுத்த கல்லுக்குச் செல்வதே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம்.

4. மென்தீட்டல்: 4000, 8000, 12000 எண் கற்களில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே தீட்ட வேண்டும். ஒவ்வொரு கல்லும் முந்தைய கல்லின் கீறல்களை நீக்குகிறது.

5. நீவுதல்: தோல்வாரில் முதுகு முன்செல்லுமாறு 50 அல்லது 60 முறை நீவ வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல் உருட்ட வேண்டும். வாயின் மேல் உருட்டினால் தோலும் விளிம்பும் கெடும்.

தொங்கும் மயிரிழை ஒன்று விளிம்பில் பட்டதும் அறுபடுவது கூர்மைக்கான பழக்கமான சோதனையாகும்.

தெருவில் வரும் சாணை பிடிப்பவரின் சுழல் சக்கரம் அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் ஏற்றது; சவரக் கத்திக்கு ஏற்றதன்று. சவரக் கத்தி எஃகு ஏறத்தாழ 200° செ. அளவில் பதப்படுத்தப்பட்டது. மெல்லிய விளிம்பு உராய்வினால் 300° செ. அளவை எட்டினால் நீலநிறம் தோன்றி எஃகு தன் கடினத்தை இழக்கும். இழந்த பதத்தைத் தீட்டுவதால் மீட்க இயலாது.

பராமரிப்பு

ஒவ்வொரு முறையும் கழுவி, நன்கு துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசி வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதியாதலால் அது பிற தாவர எண்ணெய்களைவிட மெதுவாகவே பிசுபிசுப்பாகும்.

நலவாழ்வுக் கூறுகள்

ஒருவரின் குருதி பட்ட கத்தி வழியாகக் கல்லீரல் அழற்சி பி, சி ஆகிய நோய்கள் பிறருக்குப் பரவக்கூடும். கல்லீரல் அழற்சி பி தீநுண்மி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனுடன் இருக்க வல்லது. தோல்வாரையோ கல்லையோ கிருமிநீக்கம் செய்வது கடினம். வெளுப்பு நீர்மங்கள் எஃகை அரிக்கின்றன. 1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டதற்குப் பிந்தைய ஆண்டுகளில் பரவிய விழிப்புணர்வும், ஆளுக்கொரு புதிய அலகு பொருத்தும் கத்திகள் முடிதிருத்தகங்களில் நிலைபெறக் காரணமாயிற்று. எனவே சீரமைத்த பழைய சவரக் கத்தியை ஒருவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும். முன்பு யாரால் பயன்படுத்தப்பட்டது என்று அறியாத கத்தியைச் சீரமைப்பதற்கு முன்னரே கையுறையுடன் கழுவிக் கிருமிநீக்கம் செய்வது இன்றியமையாதது.

இன்றைய நிலை

கிங் கேம்ப் கில்லெட்டின் காப்புச் சவரக் கருவி 1903-இல் விற்பனைக்கு வந்தது முதல் மடிப்புச் சவரக் கத்தியின் பயன்பாடு உலகெங்கும் குறைந்தது. தற்போது இது பெரும்பாலும் ஆர்வலர்களாலும் சேகரிப்போராலும் பேணப்படுகிறது. 2018-இல் முடிதிருத்துபவர் ஒருவரை முதன்மைப் பாத்திரமாகக் கொண்டு சவரக்கத்தி என்னும் தமிழ்த் திரைப்படம் வெளிவந்தது.