கோபாலனின் ஒரே டெஸ்ட்

1934 நவம்பர் 4, சேப்பாக்கம். மதராஸுக்கும் மைசூருக்கும் ஆட்டம். ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். ஏ.ஜி. ராம் சிங் 11 விக்கெட் எடுக்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது. அதே ஆண்டு ஜனவரியில், கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராகக் கோபாலன் டெஸ்ட் ஆடியிருந்தார். வயது 24. அதுதான் முதல் டெஸ்ட், கடைசி டெஸ்டும்.

கோபாலன் ஹாக்கியும் ஆடியவர். 1935இல் தியான் சந்த் அணியோடு நியூஸிலாந்து போய்வந்தார். 1936இல் ஒருபக்கம் பெர்லின் ஒலிம்பிக், மறுபக்கம் இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் பயணம். இரண்டில் ஒன்றுதான் முடியும். கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே மூன்று டெஸ்டிலும் இடமில்லை. ஆகஸ்ட் 15 அன்று ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் வாங்கியது.

"பாவம் மனுஷன், தப்பா முடிவெடுத்துட்டார்" என்று இந்தக் கதையை முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. 1928, 1932 இரண்டிலும் தங்கம் வாங்கிய அணி அது. பதக்கம் எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

கணக்கைக் கொஞ்சம் பாருங்க. கல்கத்தாவுக்கு அடுத்த டெஸ்ட் சேப்பாக்கத்திலேயே நடந்தது. சொந்த ஊரில் அவர் அணியில் இல்லை. அதன்பின் 1936 வரை இந்தியா டெஸ்டே ஆடவில்லை. 1936க்குப் பிறகு, போரும் சேர்ந்துகொள்ள, 1946 வரை எதுவுமில்லை. 1932இலிருந்து போர் முடியும்வரை மொத்தம் ஏழே டெஸ்ட். 27 வயதுக்காரர் 37 ஆகிவிட்டார். பெர்லின் போயிருந்தால் பதக்கம் வந்திருக்கும். டெஸ்ட் எண்ணிக்கை அப்போதும் ஒன்றுதான்.

எங்கள் குள்ளஞ்சாவடிப் பக்கம் முந்திரித்தோப்பு ஓரம் நல்லா பந்து போடுற பையனிடம், "என்.எல்.சி. அப்ரண்டிஸா, கிரிக்கெட்டா?" என்று கேட்போம். அவனிடம் திறமை இருக்கிறதா என்றுதான் யோசிப்போம். அவனுக்கு எத்தனை ஆட்டம் கிடைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. கோபாலனுக்குக் குறைந்தது ஆட்டங்கள்தான்.

பின்னாளில் அவர் தேசியத் தேர்வாளரானார். 1953இலிருந்து மதராஸும் இலங்கையும் கோபாலன் கோப்பைக்காக மோதின. டெஸ்ட் அந்தஸ்து இல்லாத அந்த நாட்களில், இலங்கை ஆட்டக்காரர்கள் பலருக்கு வெளிநாட்டு அணியோடு மோதக் கிடைத்த வாய்ப்பு அது.